யானை மிதிக்காத கரும்பு

லண்டன் சவுத்தாலில் என் வீட்டுக்குத் திரும்புகிற தெருமுனையில் கரும்புச்சாறு பிழிகிற கடை ஒன்று இருக்கிறது, உமக்குத் தெரியும். நேற்று வேலை முடிந்து வரும்போது கடைக்காரர் பிழிந்த சக்கையைக் கறுப்புப் பையில் அமுக்கி வாசலோரம் வைத்துக்கொண்டிருந்தார். பை கிழிந்து ஈரச்சக்கையின் மணம் நடைபாதை முழுக்கப் பரவிக் கிடந்தது. பச்சைப் புல்லும் பாகும் கலந்த மணம். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை விரிக்கவும் மறந்து நின்றுவிட்டேன்.

நீர் என்னைப் பார்க்க வருகிற நாட்களில் அந்தக் கடை நெருங்கும்போதே என் கையைப் பிடித்து மற்றப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவீர். "வேண்டாமப்பா, கரும்பைக் கண்டால் எனக்கு நெஞ்சு நோகுது" என்பீர். நானும் உமது முதுகைத் தடவி, "சரி, விடும்" என்பேன். உமது நோவை மதித்து, இத்தனை வருடம் இந்தத் தெருவில் இருந்தும் ஒரு கிளாஸ் சாறு வாங்கிக் குடித்ததில்லை நான்.

நீர் கண்ணை மூடி அரை வருடம் ஆகப்போகிறது. இந்த வருடம் ஊர்ப் போரில் எங்கள் சனத்துக்கு அழுவதற்கு எத்தனையோ பெரிய காரணங்கள் இருந்தன. அதற்குள் ஒரு கரும்புக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? அதனால் உமக்கே எழுதுகிறேன்.

கம்பஸ் படிப்பு முடித்த கையோடு நாட்டின் கிழக்கிலே சீனி ஆலையை அண்டியிருந்த கரும்புப் பண்ணையில் நாங்கள் இரண்டு பெண்களும் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே அறை, ஒரே மண்ணெண்ணெய் அடுப்பு. ஆலையின் கொதிகலனுக்குச் சக்கை போதாமல் காட்டு மரங்களை வெட்டி லொறி லொறியாக ஏற்றி வருவார்கள். ஒருநாள் அந்த லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நீர்தான் கேட்டீர்: "சீனியும் தந்து, எரிக்கிறதுக்கு நாரும் தாற கரும்பு ஒண்டை ஏன் நாங்கள் உண்டாக்கக் கூடாது?" கேள்வி உம்முடையது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, இப்போதும் மறுக்கவில்லை.

மேலதிகாரி சிரித்தார். "சீனி வேணுமெண்டால் கரும்பை நடுங்கோ. விறகு வேணுமெண்டால் சவுக்கை நடுங்கோ" என்றார். ஆனாலும் வாய்க்காலுக்கு அப்பால் யாருக்கும் தேவைப்படாத ஒரு துண்டு நிலத்தை எங்களுக்கு விட்டுத்தந்தார்.

நாருக்குக் காட்டுக்கரும்பு வேண்டியிருந்தது. ஆற்றங்கரையில் ஒரு புதர் இருக்கிறதென்று கேள்விப்பட்டு நான் இறங்கினேன். இடுப்பளவு சேற்றில் புதைந்துபோனேன். நீர் கரையில் குப்புறப் படுத்து என் பின்னலைப் பிடித்து இழுத்தீர். நான் வலியில் கத்த, "கத்தாதையும், முதலை வந்திடும்" என்று நீர் சிரித்தீர். அந்தப் புதரின் தோகையில் இருந்த சுணைமுள் பொல்லாதது. என் கையிரண்டும் வீங்கி, சோறு பிசைய முடியாமல் இருந்தபோது நீர்தான் ஊட்டிவிட்டீர்.

பூக்கிற காலத்தில் விடிகிறதற்கு முன்னமே எழுந்து, அந்தக் காட்டுக்கரும்பின் பூந்தூளை இனிப்புக் கரும்பின் பூவில் தட்டினோம். நான் வாங்குப் பலகையில் ஏறி நின்று தட்ட, நீர் வாங்கு ஆடாமல் பிடித்தீர். பிறந்த பிள்ளைகள் எல்லாம் நாராகவே வந்தன, கடித்தால் தும்புக்கட்டை. நார் கூடினால் சீனி இறங்கும். சீனி ஏறினால் தண்டு தளர்ந்து சாயும். மறுபடியும் அவற்றை இன்னொரு இனிப்புக் கரும்போடு சேர்த்தோம். பூண்டு முளைத்தது போல நாற்றுகள். பெரும்பாலானவற்றை எங்கள் கையாலேயே பிடுங்கி எறிந்தோம்.

கடைசியில் ஒரு தூறு. எல்லாவற்றையும் விட ஒரு முழம் உயரம், காற்றுக்கு அசையாத தண்டு. சாறு ஒரு சொட்டை எடுத்துச் சீனி அளக்கிற கருவியில் வைத்துப் பார்த்த நீர் அதை என்னிடம் நீட்டினீர். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வாய்க்கால் கட்டில் உட்கார்ந்து ஒரு துண்டைக் கடித்தோம். பல் நொந்தது, தொண்டை வரைக்கும் இனித்தது. "நெட்டை" என்று நீர் பெயர் வைத்தீர்.

நாட்டில் நிலைமை கெட்ட வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். யாழ்ப்பாணத்துக்குப் போக பஸ் ஏறினேன். நீர் படியருகே நின்று, "போட்டு வாரும். நெட்டையை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றீர். போனேன். கலவரம் வந்தது, பாதை மூடியது, திரும்பி வர முடியவில்லை. நீர் எப்படியோ தப்பி வெளிநாடு போய்விட்டீர் என்று கேள்விப்பட்டபோது கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு நான் பாரிஸ் போய், அங்கிருந்து லண்டன் வந்து, உம்மை நோர்பரியில் தேடிப் பிடித்தேன். கதவைத் திறந்து என்னைக் கட்டிப்பிடித்தீர். செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டேன்: "நெட்டை என்னாச்சு?"

உமது முகம் மாறியது. "யானை வந்து மிதிச்சிட்டுதப்பா. நீர் போய்க் கொஞ்ச நாளிலேயே. ஒரு கரணைகூட மிஞ்சேல்ல" என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்து அழுதீர். நான் உமக்கு ரீ போட்டுத் தந்தேன். முதன்முதல் வந்த வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அலுமாரி அலுமாரியாகத் திறந்து தேடி, உம்மைத் தேற்ற ரீ போட்டேன். இந்து சமுத்திரத் தீவொன்றில் சில வருடம் இருந்ததாகவும் சொன்னீர். "அங்க என்ன வேலை?" என்றதற்கு, "சும்மா ஒஃபிஸ் வேலை" என்றீர்.

எங்கள் உழைப்பே போய்விட்டது, இனி எதற்கு என்று நான் கரும்பை விட்டேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குக் குழாய்களைக் கழுவி அடுக்குகிற வேலை கிடைத்தது. அதிலே குறையில்லை. உமது மகள் துஷியை மடியில் வைத்திருந்திருக்கிறேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்கு வருடாவருடம் சேர்ந்து போனோம். உமக்கு வருத்தம் வந்தபோது ஷிப்ட் மாற்றி வந்து ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தேன். அந்த நாட்களில் ஒரு தரமேனும் சொல்ல வாய் எடுத்தீரா என்று இப்போது திருப்பித் திருப்பி நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. ரசத்தில் உப்புக் குறைவு என்றீர், அவ்வளவுதான்.

உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று நோர்பரி மண்டபத்தில் சாப்பாடு. மாலை போட்ட உமது படத்துக்கு முன்னால் வயதான ஒருவர் வெகுநேரம் நின்றார். தமிழ்ப் பெயர், ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. நீர் முன்னம் இருந்த அந்தத் தீவிலிருந்து ஏதோ கூட்டத்துக்கு லண்டன் வந்தவராம். துஷி அவரை என் பக்கத்தில் இருத்தினாள். ஆங்கிலத்தில் கதைத்தோம்.

"இவரை எங்கள் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் மறக்கமாட்டோம்" என்றார்.

"கரும்பு நிலையமா?"

"ஓம், அவர் கரும்பு இனவிருத்தி செய்தவர். ஈரத்துணியில் சுற்றிச் சில விதைக் கரணைகள் கொண்டுவந்தார். அதை வைத்துத்தான் அவருக்கு வேலையே கொடுத்தோம். சீனியும் நாரும் ஒன்றாகக் கூடிய கரும்பு. அதன் பிள்ளைகளின் சக்கையில்தான் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு விளக்கு எரிகிறது. 'நெத்தே' என்று சொல்லுவோம். என்ன அர்த்தமென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது."

கடித்த வடையைத் தட்டில் வைத்தேன். "நெட்டை" என்றேன். "உயரமானது என்று அர்த்தம்."

அவர் சந்தோஷப்பட்டார். ஒரு இளம்பெண் தனியாக, யார் உதவியுமில்லாமல், ஒரு மூலை நிலத்தில் அதை உண்டாக்கியதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லுவார்களாம். "ஒன்றுதான் குறை. தாய்க் கரும்பைச் சொன்னார். தகப்பன் வழி எதுவென்று தனக்கே தெரியாது, காற்றில் வந்த பூந்தூள் என்றார். கடைசி வரைக்கும் எங்களுக்கும் பிடிபடவில்லை."

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. அந்தக் காட்டுக்கரும்பைச் சொன்னால் ஆற்றங்கரையைச் சொல்லவேண்டும். ஆற்றங்கரையைச் சொன்னால் சேற்றில் புதைந்த என்னைச் சொல்லவேண்டும். என்னை இல்லாமல் ஆக்குவதற்காக, எங்கள் கரும்பைத் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையாக்கினீர்.

படத்தில் நீர் சிரித்துக்கொண்டிருந்தீர். உமது உறவுக்காரர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"தகப்பன் வழி எனக்குத் தெரியும்" என்றேன். "நான் பிடுங்கிக்கொண்டு வந்தது."

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஆற்றைச் சொன்னேன், புதரைச் சொன்னேன், முதல் கலப்பில் வந்தவற்றையும் அதற்குப் பிறகு சேர்த்ததையும் சொன்னேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர், காட்டுக்கரும்பின் சுணையைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார். "கை வீங்குமா?" என்றார். "சோறு பிசைய முடியாது" என்றேன். நெத்தேயின் பிள்ளைகளில் சிலவற்றுக்கு அப்படியொரு சுணை வருகிறதென்றும், அது எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிட்டு, என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துஷி பாயசக் குவளையோடு பின்னால் நின்றிருக்கிறாள். "அன்ரி, நீங்கள் ஊரில ரீச்சர் எண்டுதானே அம்மா சொன்னவா? அந்த ஃபார்ம்ல நீங்களும் இருந்தனீங்களா?"

நான் வளர்த்த பிள்ளை. அவளுக்குக்கூட நான் யாரென்று நீர் சொல்லியிருக்கவில்லை.

கொண்டுபோனதற்கு எனக்குக் கோபமில்லை, கேளும். ஆலையும் பண்ணையும் அழிந்துபோன நாட்டிலிருந்து நீர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிராவிட்டால் நெட்டை உண்மையாகவே செத்திருக்கும். தனியாள், பயம், கையில் வேறொன்றுமில்லை. வேலைக்காக உமது பெயரை மட்டும் சொன்னதைக்கூட நான் ஒரு கிழமை திட்டிவிட்டு விட்டிருப்பேன். நோர்பரி வாசலில் நான் செருப்போடு நின்று கேட்டபோது, "இருக்குதப்பா, உயிரோட இருக்குது" என்று சொல்லியிருக்கலாம். யானையை எதற்கு அனுப்பினீர்? அழுதது எதற்கு? கடைவாசலில் உமது முதுகை நான் தடவிய ஒவ்வொரு முறையும் உமக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது?

சில கிழமைக்குப் பிறகு அந்த மனிதர் தீவிலிருந்து தொலைபேசியில் பேசினார். இனிப் புதிதாக வருகிறவர்களுக்குக் கதையை மாற்றிச் சொல்வார்களாம்: இரண்டு பெண்கள் என்று. நன்றி சொன்னேன். வைத்த பிறகு, நினைத்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு துஷி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்: "அம்மா உங்களுக்குச் செய்தது பிழையா, அன்ரி?"

மழுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மழுப்பல் உம்மிடமிருந்தே அவளுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

"ஓம் பிள்ளை," என்றேன். "பிழைதான்."

அழுதாள். பிடித்துக்கொண்டேன். அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் அழும்போது தோள் குலுங்குகிற விதம் உம்முடையது. அதையும் தாங்கிக்கொண்டுதான் நின்றேன்.

உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் இதையும் சொல்லவேண்டும். நெட்டை சாகவில்லை என்று மண்டபத்தில் தெரிந்த அந்த முதல் நொடி, கோபம் வருவதற்கு முந்திய நொடி, என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. கதிரையை விட்டு எழும்பப் பார்த்தேன். யாரிடமோ ஓடிப்போய், "கேட்டீரோ, எங்கட நெட்டை உயிரோட இருக்குதாம், விளக்கு எரியுதாம்" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்தச் செய்தியின் முழு அர்த்தமும் விளங்கி, என்னோடு சேர்ந்து துள்ளக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவருக்கு அது முன்னமே தெரிந்தும் இருந்தது. சொல்லாமல் போன அந்தச் சந்தோஷத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.