பரிசாக வென்ற பெரிய டிரம்மைப் பெண்கள் பள்ளிக்கே மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கும் பேண்டுக் குழு மாணவியின் தாய்வழிப் பாட்டி,
தையற்கடை மாடி,
தண்ணீர்த்தொட்டித் தெரு.
(சித்தாள் பாட்டி வீடு என்று கேட்டால் தபால்காரர் காட்டுவார்.)

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்,
கடைத்தெரு.

பொருள்: ஆண்கள் பள்ளிக்கு இரவலாகக் கொடுத்த பெரிய டிரம்மைத் திரும்பப் பெறுதல், பேண்டுக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட மாணவியை மீண்டும் சேர்த்தல், விளையாட்டு விழா அணிவகுப்பில் மாணவிகளே டிரம் அடித்துச் செல்ல உத்தரவிடுதல் - தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துச் சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனு. அதற்கு வந்த பதில்: ஏதுமில்லை.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம்.

1. நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். மனு எழுதும் முறையைப் பேத்தியின் தமிழ்ப் புத்தகத்தில் பார்த்து, அவள் பிழை திருத்தித் தர, என் கையாலேயே எழுதுகிறேன். 'தாழ்மையுடன்' என்று தொடங்க வேண்டும் என அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. சென்ற மனுவில் அப்படியே தொடங்கினேன். பலன் இல்லை. ஆகையால் இம்முறை அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. மூன்று வருடங்களுக்கு முன் மாவட்டப் பள்ளிகளுக்கு இடையே நடந்த அணிவகுப்புப் போட்டியில் எங்கள் பெண்கள் பள்ளி பேண்டுக் குழு முதலிடம் பெற்றது. ஆண்கள் பள்ளி இரண்டாமிடம். முதல் பரிசு ஒரு பெரிய டிரம். அதை மேடையில் எடுத்துக் கொடுத்தவர் தாங்கள் இப்போது அமர்ந்திருக்கும் நாற்காலியில் தங்களுக்கு முன் இருந்த அலுவலர். "பெண் பிள்ளைகளுக்கு இது கனமாயிற்றே" என்று அவர் அன்று சொல்லவில்லை. சிரித்த முகமாகக் கொடுத்தார், போட்டோவும் எடுத்துக்கொண்டார். டிரம்மின் பக்கவாட்டில் பள்ளியின் பெயரைச் சிவப்பு பெயிண்டில் எழுதியவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை. அப்போது சின்ன டிரம் அடித்துக்கொண்டிருந்த என் பேத்தி, மூத்த மாணவி படிப்பு முடித்துப் போன பிறகு பெரிய டிரம்முக்கு வந்தாள். அது அவளுக்குச் சும்மா கிடைத்த இடம் அல்ல. தோள்பட்டை கன்றிப்போனபோதெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டது நான்.

3. சென்ற ஆண்டு கொடியேற்று விழாவுக்கு முதல் நாள் ஆண்கள் பள்ளியின் டிரம் கிழிந்துவிட்டது. அவர்களுடைய டிரில் மாஸ்டர் எங்கள் பள்ளிக்கு வந்து, "ஒரே ஒரு நாள் குடுங்க டீச்சர், சாயங்காலமே அனுப்பிடுறோம்" என்று கேட்டு வாங்கிப் போனார். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. முதலில் மழை என்றார்கள். பிறகு அறைச் சாவியை வைத்திருப்பவர் லீவு என்றார்கள். பிறகு, எங்களுக்கும் ஒரு விழா இருக்கிறது, அது முடியட்டும் என்றார்கள். கடைசியாக ஒன்றுமே சொல்லாமல் டிரம்முக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே நீல எழுத்தில் ஆண்கள் பள்ளியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயிண்டையும் ஒரே பூச்சோடு விட்டுவிட்டார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தால் எங்கள் சிவப்பு எழுத்து அடியில் தெரிகிறது. நம்பாவிட்டால் தாங்களே போய்ப் பார்க்கலாம்.

4. இந்த ஆண்டு விளையாட்டு விழாத் தேதி குறித்ததும், எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியை, "போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்கம்மா" என்று என் பேத்தியையும் இன்னும் இரு மாணவிகளையும் ஆண்கள் பள்ளிக்கு அனுப்பினார். (தலைமை ஆசிரியை விசாரித்தபோது "நான் அனுப்பலையே" என்று சொல்லிவிட்டார். வேலைக்குப் பயந்து சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. புரிகிறது என்றுதான் சொல்கிறேன், மன்னித்தேன் என்று சொல்லவில்லை.)

அங்கே டிரில் மாஸ்டர் பையன்களை வைத்துக்கொண்டு, "வாங்கம்மா வீராங்கனைகளா! தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க, யாரு வேணாம்னா?" என்று கேலி செய்திருக்கிறார். என் பேத்தி வாரைத் தோளில் மாட்டி, டிரம்மைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கேட்டில் வாட்ச்மேன், "பாப்பா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "எங்க டிரம்ம எங்க ஸ்கூலுக்குக் கொண்டுபோறோம் அண்ணே, சார் சொல்லிட்டாரு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டார். பின்னாலேயே ஓடி வந்த டிரில் மாஸ்டர் டிரம்மைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டார்: "உங்க பொண்ணுங்க ஸ்கூல் பொருளத் திருடிட்டுப் போகப் பாக்குதுங்க." எங்கள் பள்ளிப் பொருளை எங்கள் பிள்ளைகளே எடுத்து வந்ததற்குப் பெயர் திருட்டாம்.

5. மற்ற இரண்டு பிள்ளைகளும் அழுதுகொண்டே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பேத்தியிடம் தலைமை ஆசிரியை, "தெரியாமச் செஞ்சிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, விஷயம் முடிஞ்சுது" என்றார். "தெரிஞ்சுதான் டீச்சர் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றே பேண்டுக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது மற்றவர்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் அவளை மைதானத்து ஓரமாகத் தண்ணீர்க் குழாய் அருகே நிற்க வைக்கிறார்கள். பள்ளிச் சுவர் தெருப் பக்கம் தாழ்வாக இருப்பதால் நான் போய் எட்டிப் பார்த்தேன். நிற்கிறாள். ஆனால் அவளுடைய வலது கால் சும்மா நிற்கவில்லை, தாளம் தட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய டிரம் இல்லாததால் சின்ன டிரம் பிள்ளைகளுக்கு அடி எடுத்து வைப்பதே குழப்பமாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளும் இவளுடைய காலைத்தான் ஓரக்கண்ணால் பார்த்து அடிக்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்போடு சரி. அவளுக்கு இதுதான் கடைசி விளையாட்டு விழா.

6. இதைப் பேசுவதற்காகப் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனேன். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்கிறாள். அன்று அவளுக்குப் பகல் டியூட்டி. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், சிமெண்ட் கடை முதலாளி, மேடையில் எழுந்து பேசினார். அவர் ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கும் தலைவர் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பேசியதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்: "பெரிய டிரம் வெயிட்டு ஜாஸ்திம்மா. பொம்பளப் புள்ளைங்க வயித்துல இடிச்சுக்கிட்டே நடக்கிறது ஆகாது. நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு ஒண்ணு இருக்குல்ல? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." தலைமை ஆசிரியை தலையாட்டினார். சில தாய்மார்களும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

அந்தக் கூட்டம் நடந்த மாடி ஹாலைக் கட்டியபோது கலவை சுமந்த சித்தாட்களில் நானும் ஒருத்தி. அப்போது என் மகள் என் வயிற்றில் எட்டு மாதம். படிக்கட்டு அமைவதற்கு முன்பு மூங்கில் சாரத்தில் தலைச்சுமையோடு ஏறினோம். காண்டிராக்டர் இந்தத் தலைவருடைய தகப்பனார். மூச்சு வாங்குவதற்கு ஓரமாக நின்றால் கீழேயிருந்து கத்துவார்: "சீக்கிரம் ஏறும்மா, சிமெண்ட் காஞ்சிடும்!" சிமெண்ட்டுக்காகக் கவலைப்பட்டார். என் வயிற்றுக்காக அவர் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபக மறதியும் கிடையாது. இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"அது அந்தக் காலம்மா" என்றார் தலைவர்.

"காலம் மாறியிருக்கலாம் தம்பி, வயிறு அதே வயிறுதான்" என்றேன். பின் வரிசையில் தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

இன்னொன்றும் கேட்டேன். அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைக் கீழ் அறையிலிருந்து மாடிக்குத் தூக்கி வந்தது யார்? ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். ஆசிரியர் அறைக்குத் தினமும் தண்ணீர்க் கேனை மாடியேற்றுவது யார்? எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். விழா என்றால் பெஞ்சுகளை மைதானத்துக்கு இழுப்பது யார்? அந்தச் சுமையெல்லாம் வயிற்றுக்கு ஆகிறது. சத்தம் வருகிற சுமை மட்டும் ஆகவில்லை.

7. கூட்டம் முடிந்த பிறகு தலைமை ஆசிரியை என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். "பாட்டி, நீங்க பேசினது நியாயம்தான். ஆனா அவர்தான் நமக்கு பாத்ரூம் கட்டித் தர்றதாச் சொல்லியிருக்காரு. இருக்கிறதே மூணு, அதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் டிரம்மப் பாப்பேனா, இதப் பாப்பேனா?" என்று கேட்டார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் அல்ல என்பதை இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, தாங்கள் என்று விளங்கியது. அரசுப் பள்ளியில் கழிப்பறை கட்டித் தர வேண்டியவர்கள் கட்டித் தந்திருந்தால், ஒரு தலைமை ஆசிரியை பிள்ளைகள் ஜெயித்த டிரம்மைக் கொடுத்துத் தாழ்ப்பாள் வாங்க வேண்டிய நிலைமை வந்திருக்காது.

8. சென்ற மாதம் முதல் மனுவைக் கொண்டுவந்தபோது தங்கள் அலுவலகக் கிளார்க், "ஒரு டிரம்முக்காகவா பாட்டி இவ்வளவு தூரம் வந்தீங்க? சின்ன டிரம்ம அடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். "இந்த நாற்காலிய எனக்கு ஒரு நாளைக்குக் குடுங்க தம்பி, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கங்க" என்றேன். இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மனு மட்டும் நகரவில்லை.

9. இப்போது விளையாட்டு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. "வரவேற்பு அணிவகுப்பு: ஆண்கள் பள்ளி பேண்டுக் குழு" என்று போட்டிருக்கிறார்கள். அதாவது எங்கள் பள்ளியில், எங்கள் மைதானத்தில், எங்கள் பிள்ளைகளின் விழாவில், எங்கள் டிரம்மை அவர்கள் அடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். எங்கள் பிள்ளைகள் கையில் கலர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். இப்படி ஒரு யோசனை எவருடைய மூளையில் உதித்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் தங்களுக்குத் தெரிவிப்பேன்.

10. பேண்டிலிருந்து நீக்கினார்களே தவிர, என் பேத்தி பயிற்சியை விடவில்லை. பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து, குச்சி முனையில் துணி சுற்றி, மொட்டை மாடியில் தினமும் மாலை அடிக்கிறாள். முதல் வாரம் கீழ்க் கடைத் தையற்காரர் படியேறி வந்து, "பாட்டி, உங்க பேத்திக்குக் கை வலிக்கிற வழக்கமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது அவள் ஒரு நாள் அடிக்கவில்லை என்றால் "ஏம்மா, இன்னிக்கு லீவா? மிஷின் ஓட மாட்டேங்குது" என்கிறார். சின்ன டிரம் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் இங்கேதான் வருகிறார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த இருவரும் வருகிறார்கள். ஆகவே பேண்டுக் குழு கலைந்துவிட்டது, அதனால்தான் வெளியாட்களை அழைத்தோம் என்று யாரேனும் தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். குழு என் வீட்டு மாடியில் இருக்கிறது.

11. ஆகையால் கீழ்க்கண்டவாறு உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(அ) விளையாட்டு விழாவுக்கு முன்பே டிரம் எங்கள் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். மேலே எழுதிய நீல எழுத்தை எழுதியவர்களே சுரண்டி எடுக்க வேண்டும். எங்கள் எழுத்தில் கீறல் விழக் கூடாது.

(ஆ) என் பேத்தியைப் பேண்டுக் குழுவில் மீண்டும் சேர்க்க வேண்டும். மன்னிப்புக் கடிதம் கேட்கக் கூடாது. கேட்டாலும் கிடைக்காது.

(இ) அணிவகுப்பில் முன்னால் போவது எங்கள் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஆண்கள் பள்ளிப் பிள்ளைகள் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிப்பன் பிடிக்க விருப்பம் என்றால் பிடிக்கட்டும்.

(ஈ) கழிப்பறையைத் தங்கள் துறையே கட்டித் தர வேண்டும். தாழ்ப்பாளுடன்.

12. இவற்றில் ஒன்றைச் செய்து இன்னொன்றை விட்டுவிடலாம், பாட்டி சமாதானமாகிவிடுவாள் என்று யாரும் தங்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டாம். என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தவர்களை என் தெருவில் விசாரித்தால் அவர்கள் கதையைச் சொல்வார்கள்.

13. முடிவாக ஒன்று. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடக்கப்போவதை முன்கூட்டியே அதிகாரிக்குத் தெரிவிப்பது குடிமக்களின் கடமை என்பதால் எழுதுகிறேன். விழா நாள் காலையில் நானும், என் மகளும் (அன்று அவள் லீவு போட்டிருக்கிறாள்), சின்ன டிரம் பிள்ளைகளின் தாய்மார்களும் பேண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆண்கள் பள்ளிக்குப் போகிறோம். ஒளிந்து போகவில்லை. முன்வாசல் வழியாகவே போகிறோம். வாரை என் பேத்தி தன் தோளில் மாட்டிக்கொள்வாள். கேட்டைப் பூட்டினால், திறக்கும்வரை உள்ளே நின்று அடிப்பாள். எவ்வளவு நேரம் அடிப்பாள் என்பதைத் தையற்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தங்கள் உத்தரவு வந்தால் டிரம் ஆட்டோவில் அமைதியாக வந்து சேரும். உத்தரவு வராவிட்டால் கடைத்தெரு வழியாக அடித்துக்கொண்டே வந்து சேரும். தங்கள் அலுவலக ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. எது வசதி என்பதைத் தாங்களே முடிவு செய்து உத்தரவிடும்படி வேண்டுகிறேன்.

இடம்: தண்ணீர்த்தொட்டித் தெரு
நாள்: விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை

பதிலை எதிர்நோக்கும்,
சித்தாள் பாட்டி
(கையெழுத்து. கைநாட்டு அல்ல.)