மலையம்மாள் வீட்டில் இருந்த பால் டின்

அன்புள்ள ஜெனிஷாவுக்கு,

முதலில் எனக்கு ஒரு வாக்குக் கொடு. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, ஆல்பினுக்கும் காட்டாதே, போனில் அப்பாவிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. இங்கே திருநகரில் நாங்கள் நலம், அயர்லாந்துக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே பேசலாமே என்பாய், உன் அழைப்பு வந்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இப்போது சாயங்காலப் பூசைக்குப் போயிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் வகுப்பில் பிள்ளைகள் ஒளித்து எழுதிய கடிதங்களைப் பிடுங்கிய நான், இன்று பயந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கதவைத் தாழிட்டு எழுதுகிறேன். உன் தோழி தமிழ்வாணி நாளை அங்கே டப்ளினுக்குக் கிளம்புகிறாள், உனக்கான இட்லிப் பொடி டப்பாவுக்குள் இதையும் வைத்துக் கொடுத்துவிடுவேன்.

தப்பு என்னுடையதுதான். மாப்பிள்ளை ஆல்பினுடைய பங்குக் கோயிலிலும் மூன்று ஞாயிறு பூசையில் திருமண ஓலை வாசிக்க உன் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நீ விட்டுப்போன நீல ஃபைலை அப்படியே வில்லாபுரத்தில் ஆல்பின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால், உன் மார்பில் சிலிகான் வைத்ததற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை இருந்ததை நான் பார்க்கவில்லை. ஆல்பினின் அம்மா இன்னாசியம்மாள் பார்த்துவிட்டார்கள். புதன்கிழமை அட்டையோடு வந்தார்கள், வைத்த காபியைத் தொடவே இல்லை. "பிள்ளை பெத்தா பாலுக்கு என்ன செய்வா டீச்சர், கடைக்கு ஓடுவாளா?" என்று கேட்டார்கள். இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவதை வாசிக்க வேண்டாமென்று பங்குச் சாமியாரிடம் சொல்லப்போகிறார்களாம். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் அறிவிக்கிறார்களே, இதுவும் ஒரு தடையாம். அப்பா பதறிப்போய், அது கட்டியை எடுத்துவிட்டுச் செய்த ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் டாக்டர் கடிதம் காட்டுங்கள், சனிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை, அதை நினைத்துத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

என்னிடம் படித்த பாண்டிமீனா இப்போது பிரசவ டாக்டர் இல்லையா, அவளிடம் அந்தப் பொய்க் கடிதத்தை வாங்கிவர அப்பா என்னை அனுப்பினார். போனேன். கடிதம் கேட்கவில்லை, பாலைப் பற்றித்தான் கேட்டேன். உனக்கு மார்புக்கு அடியில்தான் வெட்டியிருக்கிறார்கள் என்றேன். அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலோர் பால் கொடுக்கிறார்கள், சிலருக்குக் குறையலாம், பிள்ளை பிறக்கும் முன் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, சிலிகானால் பால் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றாள். குறைந்தால் எடையைப் பார்த்துப் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கலாமாம். "ஆபரேஷன் பண்ணாதவங்களுக்கே எம்புட்டுப் பேருக்குப் பத்தாமப் போகுது டீச்சர்" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஜெனி, நீ என் பால் குடித்து வளரவில்லை. என் உடம்பில் யாரும் கத்தி வைத்ததில்லை, ஆனாலும் இருபது நாளில் எனக்குப் பால் வற்றிவிட்டது. அப்பா அப்போது தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பக்கத்து வீட்டு மலையம்மாள் அக்கா வீட்டில் பால் டின்னை ஒளித்துவைத்தேன். அவர் வரும் நாளில், பிள்ளையைப் பார்க்க அக்கா கூப்பிடுகிறார்கள் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே புட்டிப்பால் கொடுத்துவிட்டு வருவேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. தாய்ப்பால் குடித்த பிள்ளை, அதனால்தான் அறிவு என்று ஊரெல்லாம் சொல்லுவார், நானும் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல்தான் இன்று உன் முன்னால் வந்து நிற்கிறது.

இனி ஆட்ட மாட்டேன். உன் இருபத்தெட்டாம் வயதில், உன் சம்பளத்தில், உன் விருப்பத்துக்குச் செய்துகொண்டாய். எனக்கு அன்று பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்காக நீ நோயாளி வேஷம் போட வேண்டியதில்லை. இன்று சனிக்கிழமை, இன்னாசியம்மாள் வந்ததும் கட்டியும் இல்லை, கடிதமும் இல்லை என்று சொல்லப்போகிறேன். ஆல்பினுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னாயே, அவன் தன் அம்மாவிடம் வாய் திறக்கட்டும். திறக்காவிட்டால் மூன்றாம் ஓலையை அவர்கள் நிறுத்த வேண்டாம், நீயே நிறுத்து. பால் மட்டும் போதும் என்றால் ஒரு பசுமாட்டைப் பார்த்துப் பேசி முடிக்கட்டும்.

ஆண்டவர் உன்னை நிமிர்ந்த தலையோடு வைத்திருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், நாளைக்குப் பிள்ளை உண்டானால் அங்குள்ள டாக்டரிடம் இந்த ஆபரேஷனைப் பற்றி முதலிலேயே சொல், மறைக்காதே, நான் மறைத்த மாதிரி

கதவு தட்டுகிறார்கள். அப்பாவோடு இன்னாசியம்மாள் குரலும் கேட்கிறது. தாளைப் பொடி டப்பாவுக்குள் திணிக்கப் போனேன். வேண்டாம். மேலே முதலில் எழுதியதை அடித்துவிடு ஜெனி, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. இது மேசைமேலேயே கிடக்கட்டும், அப்பா படித்தாலும்