மூன்றில் நடு

இன்று மத்தியானம் ஒரு பெண் தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். காலேஜுக்குக் கொண்டுபோகத் தோல் பை வேண்டுமாம். வழக்கம்போல மூன்றை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அவள் மூன்றையும் பார்த்தாள். நடுவில் இருந்ததை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, "மிட்" என்றாள். அவள் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "க்யா?" என்று என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல. எனக்குப் புரிந்தது. வேறு நிறம் எடுத்து வருகிறேன் என்று பின்னறைக்குப் போனவன், புதுத்தோல் வாசம் அடிக்கும் அட்டைப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி சேட் வந்து தேடும்வரை எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உன் தம்பியின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன்.

அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நீ. ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது முடிக்கிற வயதில் பிள்ளைகள் என்னென்னவோ கொண்டுவருகிறார்கள், நீ மூன்றெழுத்தில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கொண்டுவந்தாய். நான் வைத்த தக்காளிச் சட்னி மிட். நான் தீபாவளிக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டை மிட். தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பும் வணக்கம், மிட்டிலும் மிட்.

"அப்படின்னா என்னட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாவும் இல்ல, மோசமும் இல்ல. இருக்கு, அவ்ளோதான். பாத்துட்டு மறந்துருவாங்க."

"அப்ப நான்?"

"நீதான் பா அதுக்கு பிராண்ட் அம்பாசிடர்."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வார்த்தை தாராவிக்கு வருவதற்கு முன்பே நான் அதைக் கடைப்பிடித்து வந்தவன். முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் நாற்பத்தொன்பது பேர் இருந்த வகுப்பில் இருபத்தைந்தாம் ரேங்க். எனக்கு முன்னால் இருபத்து நாலு பேர், பின்னால் இருபத்து நாலு பேர். முன்னால் இருந்தவர்களைப் பாராட்டுவதிலும் பின்னால் இருந்தவர்களை அடிப்பதிலும் வாத்தியார்களுக்கு நேரம் போய்விட்டது. பத்தாவது முடியும்வரை ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. பிறந்தது அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில். குடியிருப்பது மூன்றடுக்கு வீட்டின் நடுத்தளம். மேலே இருந்தால் தகரம் காயும், கீழே இருந்தால் மழைத்தண்ணீர் வரும், அதனால் இதுதான் புத்திசாலித்தனம் என்று உன் அம்மாவிடம் சொல்லித்தான் இந்த வீட்டைப் பிடித்தேன்.

என் தொழிலே நடுவில்தான் இருக்கிறது என்று உனக்கு ஒருநாள் ரகசியம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வாடிக்கையாளர் எதிரில் ஒரே ஒரு பையை வைக்கக் கூடாது. மூன்றை வைக்க வேண்டும். இந்தப் பக்கம் பார்த்தாலே மட்டம் என்று தெரிகிற ஒன்று. அந்தப் பக்கம் விலையைக் கேட்டால் பயப்படுகிற மாதிரி ஒன்று. எதைத் தள்ளிவிட வேண்டுமோ அதை நடுவில் வை. பத்தில் எட்டுப் பேர் கை அங்கேதான் போகும். எடுத்துவிட்டு, தாங்களே யோசித்து முடிவு செய்ததுபோலத் திருப்தியாகப் போவார்கள்.

"பா, இது சீட்டிங்."

"சீட்டிங் இல்லட்டி, சர்வீஸ்."

"சரி, நீ வெளிய எதாச்சும் வாங்கப் போனா எதை எடுப்ப?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஏனென்றால் குடையானாலும் குக்கரானாலும் நான் மூன்றை எடுத்துக் காட்டச் சொல்லி, நடுவில் உள்ளதைத்தான் வாங்கி வருவேன் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஊரை ஏமாற்றும் வித்தையில் தானே தினமும் ஏமாறுகிற ஒரே ஆள் உன் அப்பாவாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. டிவி வரவில்லை. உன் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ போனை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தேடி எங்களுக்குத் தமிழில் சொன்னாய்.

"ரொம்ப பழசு பா இது. ஆயிரம் வருசத்துக்கு மேல இங்கிலீஷ்ல இருக்காம். லத்தீன்ல ஒண்ணு இருக்கு, சமஸ்கிருதத்துல மத்யன்னு ஒண்ணு இருக்கு, எல்லாம் ஒரே ஃபேமிலி."

"அப்ப நம்ம மத்தியானம்?"

"அதுவும் சொந்தக்காரன்தான்."

"பாத்தியா," என்று உன் அம்மாவிடம் சொன்னேன், "இத்தன வருசமா நீ எனக்கு ஒரு மணிக்கு இங்கிலீஷ் சாப்பாடு போட்டுருக்க."

"நீங்க தின்னுட்டு குறட்டை விடுதிய. அது எந்த பாஷை?" என்றாள் அவள்.

நீ மேலே வாசித்தாய். கேலியாகச் சொல்வது இப்போது சில வருஷமாகத்தான் பரவியதாம். கஞ்சா விற்கிறவர்கள் சரக்கை உசத்தி, மட்டம், நடுத்தரம் என்று பிரித்து, நடுத்தரத்துக்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்களாம், அங்கிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்ததாம். உன் அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. "எந்தச் சரக்கு? காலேஜில என்னதாட்டி சொல்லிக் குடுக்காவ?"

எனக்கும் அறிவைக் காட்ட ஆசை வந்தது. பிரசவம் பார்க்கிற நர்ஸை மிட்வைஃப் என்கிறார்களே, அப்படியென்றால் நடுப் பெண்டாட்டியா என்று கேட்டேன். உன் அம்மா ஒரு பீன்ஸை என்மேல் எறிந்தாள். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத் தேடிப் பார்த்தாய்.

"இல்ல பா, அதுல இருக்கிறது வேற. அந்தக் காலத்துல மிட்டுன்னா 'கூட'ன்னு ஒரு அர்த்தம் இருந்துச்சாம். கூட இருக்கிற பொம்பள. அதான் மிட்வைஃப்."

"இப்ப அந்த அர்த்தம் இல்லையா?"

"செத்துப்போச்சு. இந்த ஒரு வார்த்தைக்குள்ள மட்டும் மாட்டிக்கிட்டு இருக்கு."

அன்றைக்கு அது எனக்கு ஒரு பொது அறிவு. மறுநாள் கடையில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது சில நாள் ரயிலில் நிற்கும்போது நினைத்துப் பார்க்கிறேன். 'கூட' என்கிற அர்த்தம் செத்துப்போயிற்று. 'சுமார்' என்கிற அர்த்தம் பிழைத்துக்கொண்டது. வார்த்தைகளிலும் அப்படித்தான் நடக்கிறது.

போன மழைக்காலத்தில் உனக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் இறங்கியது. நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், இப்போது எல்லாம் தெரியும். அன்று சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றாய். இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். அம்மா தம்பியை ட்யூஷனிலிருந்து கூட்டி வரப் போயிருந்தாள். நான் உன்னைத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு இந்தியில் நிதானமாகச் சொன்னார். மூன்று வழி இருக்கிறது. ஒன்று, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரண்டு, காலையில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மூன்று, மாத்திரை தருகிறேன், தண்ணீர் நிறையக் கொடுத்து வீட்டிலேயே இரண்டு நாள் பாருங்கள். என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன்.

அவருக்கு என் தொழில் தெரியாது. தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரியை நடுவில் வைத்துச் சொல்லியிருப்பார்.

நீ பெஞ்சில் என் தோளில் சாய்ந்திருந்தாய். "எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "மிட் பா" என்றாய். நான் சிரித்துவிட்டேன். வாய்க்கொழுப்பு குறையவில்லை, அப்படியென்றால் பயமில்லை என்று நினைத்தேன். டாக்டரிடம், "காலையில டெஸ்ட் எடுத்துரலாம் சார்" என்றேன். "பக்கா?" என்று கேட்டார், நிச்சயம்தானா என்று. "பக்கா" என்றேன்.

பணம் காரணமில்லை. பணம் காரணமாக இருந்திருந்தால் ஏழை என்று சொல்லி அழவாவது செய்திருப்பேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினால் சின்ன விஷயத்துக்குப் பதறுகிறவன் என்று ஆகிவிடும். மாத்திரையோடு விட்டால் அக்கறையில்லாதவன் என்று ஆகிவிடும். நான் இரண்டுமாக இல்லாமல் இருக்கப் பார்த்தேன். அவ்வளவு வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது நல்ல சரக்கு என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முடிவெடுக்கப் பயப்படுகிறவன் கை போகிற இடம் அது, அவ்வளவுதான்.

வீட்டு இரும்பு ஏணியில் மூன்றாம் படியில் நீ உட்கார்ந்துவிட்டாய். "ஒரு நிமிசம் பா" என்றாய். "என்னட்டி கிழவி மாதிரி" என்றேன். இதைச் சொன்ன வாயோடுதான் இன்னமும் சோறு தின்கிறேன்.

அம்மா வந்ததும் கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று. "காலையில டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு" என்றேன். பொய் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றைச் சொன்னேன். நீ பாயில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எதுவும் சொல்லவில்லை. பேசத் தெம்பில்லையா, அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாயா, இல்லை, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாயா? மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதாக மட்டும் இருக்கக் கூடாது.

காலையில் ரத்தப் பரிசோதனைக் கடை திறக்குமுன்பே வாசலில் போய் நின்றோம். உன் கை ஐஸாக இருந்தது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்குள் நீ சரிந்துவிட்டாய். டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஒருவரைத்தான் விடுவோம் என்றார்கள். அம்மா போனாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உன் வயதுக்கு நாலைந்து வயது கூடுதலாக இருக்கும், ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, நேற்றே ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டாள். "நேத்து சுமாராத்தான் இருந்துச்சு மேடம்" என்றேன். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் என் அக்கா சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் இருக்கும்போது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஏல, ஒரு நாள் முந்திக் கொண்டு போயிருக்கக் கூடாதாலே?" என்றாள். கேட்டுவிட்டாள், நல்லவேளை கேட்டுவிட்டாள், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். பதினாறு நாளில் அவள் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"மதினி, அந்தப் பேச்சு வேண்டாம். அவிய ஒரு நிமிசம் சும்மா இருக்கல. வயித்தவலின்ன ஒடனே டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுனாவ. அந்த டாக்டரே காலையில பாக்கலாம்னுட்டான். அவிய என்ன செய்வாவ? அவிய மாதிரி ஒரு தகப்பன் வேற எவளுக்கு வாய்ச்சிருக்கு?"

அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் உன் அம்மா அதையே சொல்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் சொல்கிறாள், கோயிலில் சொல்கிறாள், ஊரிலிருந்து போன் வந்தால் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வார்த்தை கூடுகிறது. இப்போது நான் செருப்புகூடப் போடாமல் ஓடியிருக்கிறேன். அந்த டாக்டரைச் சபிக்கிறாள். அவர் கிளினிக்கைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முதலாவதைத்தான் சொல்வேன் என்று சொன்ன மனிதர் அவர். நான் அவள் பக்கத்திலேயே நடந்து போகிறேன். உன்னை இழந்த துக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு ஆட்கள் துணைக்கு வருகிறார்கள். இந்த நல்ல பெயரைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒருவரும் இல்லை. கிளினிக் பெஞ்சில் என்னோடு இருந்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வந்துவிட்டாள். "என்ன எழுதுதிய? பெட்டிசனா?" என்றாள். என்னால் வேறு சொல்ல முடியவில்லை. "புள்ளைக்கு" என்றேன்.

நோட்டைப் பார்த்தாள், உன் படத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். "அவளுக்கு எங்க தமிழ் படிக்க வரும்? எழுத்துக்கூட்டுறதுக்குள்ள தூங்கிருவாளே. கடக்குட்டிக்கும் தெரியாது. இங்க குடுங்க, அவ போட்டோ முன்னால உக்காந்து நான் சத்தமா படிக்கேன். கேக்கட்டும்."

மூக்குக் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறாள். இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இது இரண்டாவது வரி.