யாக் மயிர்ச் சுவெட்டர்

தை மாதம், ஞாயிறு இரவு, எசன், ஜேர்மனி.

தங்கச்சியின்ர மனுசன் இண்டைக்கும் அந்தச் சுவெட்டரோடதான் சாப்பிட வந்தவன். வீட்டு ஹைட்சுங், அந்த ஹீற்றர் சூட்டில வேர்த்து வழியுது, கழட்டமாட்டானாம்.

"சும்மா கம்பளி இல்லை அக்கா, யாக் மாட்டின்ர மயிர். தொட்டுப் பாருங்கோ, குத்தாது."

தானே மலையில மாடு மேய்ச்ச மாதிரிக் கதை. அதுவும் உடுப்புக் கழுவித் தைச்சுக் குடுக்கிற கடையில வேலை செய்யிற எனக்கு!

கறி பட்டிடுமெண்டு சாப்பிடேக்க மட்டும் கழட்டிக் கதிரையில போட்டான். சுவெட்டரின்ர கைநுனியில ஒரு நூலை இழுத்துப் பிச்சுக்கொண்டு குசினிக்குள்ள போய் நெருப்புக்குச்சியில பிடிச்சன். பிளாஸ்ரிக் எண்டா உருகி உருண்டையாகும். இது சாம்பலாய் உதிர்ந்துது. உண்மையான மயிர்தான், சனியன்.

"அக்கா, என்ன மயிர் கருகின மணம்?" சாப்பாட்டு மேசையில இருந்து அவன்.

"என்ர மயிர்தான்."

"ஐயோ, கவனம் அக்கா."

அந்தக் கைநுனி இப்ப பிரியத் தொடங்கியிருக்கும். தைக்க என்னட்டத்தான் கொண்டு வருவான்.