பிள்ளையார் கோயில் வளைவில் ஒரு டிரிஃப்ட்

செவ்வாய்க்கிழமை. மழை இன்னும் விடவில்லை.

காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்டிங் ஒரு விளையாட்டே இல்லை என்று மச்சினன் ரமேஷிடம் ஒரு வாரமாகச் சண்டை பிடிக்கிறேன். டயரைத் தேய்க்க என்ன பெரிய திறமை வேண்டும்? அவனோ போனில் வீடியோ காட்டிக்கொண்டே இருக்கிறான்.

இன்று லுணுகலையில் சாமான் வாங்கிவிட்டு அவனையும் என் மனைவியையும் வேனில் ஏற்றி வந்தேன். பிள்ளையார் கோயில் வளைவில் வேன் வழுக்கி, பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, கோயில் வாசலில் பூசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல அழகாக நின்றது.

"மச்சான், இதுதான் டிரிஃப்ட். தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றான் ரமேஷ்.

இல்லை என்று சொன்னால் வேன் டிரைவர் என்ற என் பெயர் போய்விடும். "பின்ன, தெரியாமயா?" என்றேன்.

"அப்ப அதுக்குத் திறமை வேணுந்தானே?"

"வேணும்," என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது மனைவி கேட்டாள். "வண்டி சுத்துறப்ப கண்ண ஏன் மூடிக்கிட்டீங்க?"

"சாமி கும்பிட்டேன்."

"ரெண்டு கையாலயுந்தான் கும்பிட்டீங்க. ஸ்டியரிங்க யாரு புடிச்சிருந்தா?"

பிள்ளையார் என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.