மேல் தந்தி

தண்டலம்,
10.2.1991

அன்புள்ள கன்னியப்பன் அவர்களுக்கு,

கடல் தாண்டிப் போன இடத்தில் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே கலைமணி சௌக்கியம். பொங்கல் விடுமுறையில் மண்ணூருக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினாள். இப்போது தேறிவிட்டாள்.

கப்பலேறுமுன் எங்கள் விடுதிக்கு வந்து, "அவுங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது டீச்சர். பாப்பா இன்னா கத்துக்கினு கீதுன்னு நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் வயலின் வாசிக்கிறாள். இனி தயங்காமல் அப்படிச் சொல்லலாம்.

கண் தெரியாத பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று அன்று கேட்டீர்கள். பார்வையுள்ள பிள்ளை என் கையைப் பார்த்துப் பழகும். இவர்களுக்கு என் கையையே கொடுத்துவிடுகிறேன். நான் வாசிக்கும்போது என் கைமேல் அவர்கள் கை. அவர்கள் வாசிக்கும்போது அவர்கள் கைமேல் என் கை. விரல் வைக்கும் இடம் தெரிய, தந்திக்கு அடியில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டியிருப்பேன். மற்றப் பிள்ளைகள் இன்னும் அந்த நூலைத் தடவித்தான் சுரம் தேடுகிறார்கள். கலைமணி தன் வயலினில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். "அது குறுக்கால வருது டீச்சர். எங்க வெக்கணும்னு எனக்கே கேக்குது" என்றாள். வகுப்புத் தொடங்குமுன் எல்லார் வயலினுக்கும் சுருதி சேர்த்துக் கொடுப்பது இப்போது அவள்தான்.

ஒரு சின்ன வருத்தம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி அம்சவல்லி வந்தால், வளையல் சத்தத்தை வைத்தே வாசலுக்கு ஓடுகிறவள், இப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் போய்த் தொடும்வரை உட்கார்ந்தே இருக்கிறாள். "எம்மேல இதுக்கு இன்னா கோவம்?" என்று அம்சவல்லி கண் கலங்குகிறார். வளர்கிற பெண், ஏதோ வீம்பு என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கலைமணி உங்களுக்கு எழுதச் சொன்னது: "அப்பா, அங்க கடல் எப்பிடிக் கத்துதுன்னு எழுது."

அன்புடன்,
சசிரேகா


போர்ட் பிளேர்,
6.3.1991

டீச்சர் அம்மா அவர்களுக்குக் கன்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. ரோடு ரோலரை ஓரங்கட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து படித்தேன். சாயங்காலம் எங்கள் ஷெட்டில் இருக்கிற ஆட்கள் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இன்னாய்யா, உன் பொண்ணு பிடில் வாசிக்குதா?" என்று கேட்டவனை இரண்டு தரம் கேட்க வைத்துப் பதில் சொன்னேன்.

பாப்பாவுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டுக் கண் போனது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் காதுதான் அவளுக்கு எல்லாம். தெருவில் மாடு போனால் யார் வீட்டு மாடு என்று சொல்லுவாள். நான் குடித்துவிட்டு வந்தால் நடையை வைத்தே கண்டுபிடிப்பாள். அவள் திட்டித்தான் அந்தப் பழக்கத்தையே விட்டேன்.

ஒரு ஆசை. ஆடியில் மண்ணூர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாப்பா ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். குருட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்ட சொந்தக்காரன் அத்தனை பேரும் அங்கேதான் நிற்பான். நான் எப்படியாவது கப்பல் பிடித்து வந்துவிடுவேன்.

அம்மாவிடம் வீம்பு வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். கடல் எந்நேரமும் ஹோ என்று கத்துகிறது. ஒரு நாளாவது ஓய்கிறதா பார்க்கிறேன், இல்லை.

இப்படிக்கு,
கன்னியப்பன்


தண்டலம்,
17.4.1991

அன்புள்ள கன்னியப்பன் அவர்களுக்கு,

இது நல்ல செய்தி இல்லை. ஷெட்டில் சத்தமாகப் படிக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதக் கடைசியில், கலைமணி சுருதி சேர்த்துக் கொடுத்த வயலின்களில் மேல் தந்தி மட்டும் இறங்கியிருந்தது. வயலினுக்கு நான்கு தந்தி. கனத்த சத்தம் தருகிற தந்திகளில் இம்மியும் பிசகில்லை. மெல்லிய, கூரான சத்தம் வருகிற மேல் தந்தியில்தான் பிசகு. மறுநாளும் அப்படியே. பிறகு அவள் உட்காரும் விதமும் மாறியது. வயலினின் ஒரு முனையை மார்பிலும் மறு முனையைப் பாதத்திலும் தாங்கி நிமிர்ந்து வாசிப்பதுதான் முறை. இவள் குனிந்து, தாடையைப் பலகையில் அழுத்திக்கொண்டு வாசித்தாள். நிமிர்த்தி விட்டால் மறுபடி குனிந்தாள். "இப்பிடி வெச்சாதான் டீச்சர் பாட்டு உள்ள வருது" என்றாள்.

எங்கள் தாழ்வாரத்தில் குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன. அவை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தபோது, "குருவிச் சத்தத்தில் உனக்குச் சுருதி சேர்க்க முடிகிறதா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "குருவிங்கதான் இப்பல்லாம் வர்றதே இல்லையே டீச்சர்" என்றாள். அவை அவள் தலைக்கு மேலேயே இருந்தன. அம்சவல்லியின் வளையல் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்சவல்லியும் நானும் அவளை மெட்ராசுக்கு அழைத்துப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். காது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறதாம். முதலில் மெல்லிய சத்தங்கள் போகும், பிறகு மற்றவையும் போகும். மருந்து இல்லை, ஆபரேஷனும் இல்லை. காதில் மாட்டும் மெஷின் வைத்தால் கொஞ்ச காலம் பேச்சு கேட்கலாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்சவல்லி கேட்டார்: "கண்ணு போனப்ப காது கீதேன்னு மனசைத் தேத்திகினேன் டீச்சர். இப்ப எதைச் சொல்லித் தேத்திக்கறது?" கலைமணி எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சசிரேகா


போர்ட் பிளேர்,
8.5.1991

டீச்சர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனதில் பட்டதை எழுதுகிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

பிடில் வாசித்து வாசித்துத்தான் காது தேய்ந்து போயிருக்கும். ரோலர் ஓட்டுகிற ஆட்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். சத்தம்தான் காரணம். பிஞ்சுக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்து நாளெல்லாம் இழுத்தால் என்னத்துக்கு ஆகும்? நான் உங்களை நம்பித்தானே விட்டுவிட்டு வந்தேன்? பிடிலை வாங்கி வைத்துவிடுங்கள். அம்மன் முன்னால் வாசிக்கவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இருக்கிற காதாவது மிஞ்சட்டும்.

பாப்பாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். இருட்டிலேயே வளர்ந்த பிள்ளை. இதையும் கேட்டால் தாங்காது.

அந்த டாக்டரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். என் காதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்க முடியுமா? எனக்கு ஒன்று போதும். ரோலருக்கு அதுவே ஜாஸ்தி. வேதனையில் உளறுகிறான் என்று நினைக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன்.

கன்னியப்பன்


தண்டலம்,
20.6.1991

அன்புள்ள கன்னியப்பன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்கச் சொன்னதை டாக்டரிடம் கேட்டேன். முடியாது என்றார். அவர் சிரிக்கவில்லை.

வயலின் சத்தத்தால் இது வரவில்லை என்றும் சொன்னார். இருந்தாலும் பெற்றவர் சொல் என்று நான் வயலினை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். "ரிப்பேருக்குப் போயிருக்கிறது" என்று அவளிடம் சொன்னேன். ஆனாலும் வகுப்புக்குத் தவறாமல் வருகிறாள். மெர்சி என்ற பெண் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயலினில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். பிறகு கன்னத்தை வைக்கிறாள். மெர்சிக்கு வில் போட இடமில்லை. ஆனாலும் அவள் நகரச் சொல்லவில்லை.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அதிலிருந்து வழியெல்லாம் போலீஸ். பிள்ளைகளை மெட்ராசுக்கு அழைத்துப் போனபோது பஸ்ஸை நிறுத்தி வயலின் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். அந்த நாட்களில் ஊரே குரலைத் தாழ்த்திப் பேசியது. அதற்குச் சில நாள் கழித்துக் கலைமணி என்னைக் கேட்டாள்: "யாராவது செத்துட்டாங்களா டீச்சர்? ஏன் இன்னும் எல்லாரும் மெல்ல மெல்லப் பேசிக்கினு கீறாங்க?" நான் அவள் காதருகில் கிட்டத்தட்டக் கத்திக்கொண்டிருந்தேன்.

மெஷின் வந்தது. காதுக்குள் ஊளையிடுகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

போன வாரம் விடுதி வாசலில் அவள் பின்னால் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், நாங்கள் கத்தினோம். அவள் திரும்பவில்லை. தாயாரம்மாள் என்ற சமையல்காரம்மா ஓடிப்போய் இழுத்தார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் நிர்வாகி பாண்டுரங்கன் சார் உங்களுக்குத் தனியாக எழுதுகிறார், ஆகஸ்டுக்குள் அழைத்துப் போகச் சொல்லி. அவர் கெட்டவர் இல்லை. இங்கே மணியும் குரலும்தான் பிள்ளைகளுக்கு வழி, அது கேட்காத பிள்ளையை எப்படிக் காப்பேன் என்கிறார். காது கேளாதவர் பள்ளியில் போய்க் கேட்டேன். அங்கே எல்லாமே கண்ணால் பார்த்துக் கற்பது, இவளை என்ன செய்வோம் என்கிறார்கள். எங்கே போய்க் கேட்பதென்று தெரியவில்லை.

இரண்டு காரியத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும். வயலினை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு என்ன நேர்கிறது என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

சசிரேகா


போர்ட் பிளேர்,
11.7.1991

டீச்சர் அம்மாவுக்கு,

சாரின் கடிதமும் வந்தது. மழையில் வேலை நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிடிலைக் கொடுத்துவிடுங்கள். போன கடிதத்தில் உங்களைப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். யாரையாவது பேசாமல் இருக்க முடியவில்லை, நீங்கள்தான் கிடைத்தீர்கள். கேட்கிற வரைக்கும் கேட்கட்டும்.

அடுத்த கப்பலில் வருகிறேன். தாயையும் மகளையும் இங்கேயே அழைத்துவந்து வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். பெற்றவன் வாயால்தான் அதைச் சொல்ல வேண்டும். நானே வந்து சொல்கிறேன்.

கன்னியப்பன்


தண்டலம்,
2.9.1991

அன்புள்ள கன்னியப்பன் அவர்களுக்கு,

மூவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கப்பல் பயணம் அவளுக்கு ஒத்துக்கொண்டதா?

அழைத்துப் போக வந்த அன்று, எங்கள் வாசல் பெஞ்சில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தீர்கள். அவள் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக நீவினீர்கள். கடைசியில், "லீவு வுட்டுகீறாங்க பாப்பா, அப்பாகூடக் கப்பல்ல போலாம்" என்று கத்திவிட்டு எழுந்துகொண்டீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும், போய் வா என்றுதான் சொன்னேன். அவள் மெர்சியிடம், தீபாவளி முடிந்து வந்துவிடுவேன், என் இடத்தில் யாரையும் உட்கார விடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. வயலின்களுக்கு நான்தான் சுருதி சேர்க்கிறேன்.

இதனுடன் தடித்த தாளில் புள்ளி எழுத்தில் கலைமணிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உங்களால் படிக்க முடியாது என்பதால் அதில் உள்ளதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் காது போய்க்கொண்டிருக்கிறது, அது திரும்பி வராது. நீ செய்த எதனாலும் அது வரவில்லை. யாரும் மெல்லப் பேசவில்லை. இது லீவு இல்லை. நீ வாசித்ததுபோல் இங்கே வேறு யாரும் வாசித்ததில்லை. அவ்வளவுதான்.

அதை அவள் விரலுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். அங்கே இருக்கப் போகிறவர் நீங்கள். அவள் அழுதால் பிடித்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான். என்னால் இங்கிருந்து எழுதத்தான் முடியும்.

சசிரேகா


போர்ட் பிளேர்,
13.10.1991

டீச்சர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரொம்ப நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் புள்ளி அமுங்கிப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அமுங்கிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. அம்சவல்லிதான், "குடுத்துடுய்யா. இன்னும் எத்தினி நாளு லீவுன்னு டெய்லி என்னியக் கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். நேற்றுக் கொடுத்தேன்.

படியில் உட்கார்ந்து படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். "இத்த டீச்சரே எழுதினாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று காதில் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்.

"அப்ப யாரும் மெல்லப் பேசலியா?"

"இல்லம்மா."

"நான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன், அதான் யாரும் எங்கிட்டப் பேச மாட்றாங்கன்னு நெனச்சேம்பா" என்றாள்.

இத்தனை மாதமாக அதை நினைத்துக்கொண்டு ஒண்டியாக இருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. அப்புறம் அவள் அம்மா மடியில் படுத்து ரொம்ப நேரம் அழுதாள். நான் ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம் டீச்சர் அம்மா. அவளுக்கே எழுதுங்கள். தபால்காரனிடம் வாங்கி அவள் கையில் கொடுப்பேன். நடுவில் நான் வேண்டாம்.

சாயங்காலம் அவளாகவே, நீங்கள் கொடுத்தனுப்பிய பிடிலை எடுத்தாள். இங்கே வந்ததிலிருந்து தொடவில்லை. தந்திக் கட்டையை முறுக்குவதும் தாடையை வைத்துப் பார்ப்பதும் மறுபடி முறுக்குவதுமாக இருந்தாள். நிமிர்ந்து, "இப்ப சரியா கீதாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. சொல்லத் தெரிந்த ஆள் இந்தத் தீவில் யாரும் இல்லை. அவள் முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரியா கீதும்மா" என்று கத்தினேன். அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

கன்னியப்பன்