படம் சொல்லாத வரி

ஜூன் 4
காலையிலிருந்து மழை. கடையில் ஈ ஓட்டினேன். வாலு பள்ளிவிட்டு வந்த பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. என் கடையின் கெட்டிக்கார விற்பனையாளருக்கு வயது ஆறு. கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து படப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "நம்ம கடைப் புத்தகத்துலதான் பழகினா" என்பேன். அப்புறம் வாங்காமல் யார் போவார்கள்? பெற்ற பெண்ணை விளம்பரப் பலகை ஆக்கிவிட்டேனாம், வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நடைபாதையில் துணி விரித்துப் பழைய புத்தகம் விற்றபோது என் தொண்டைதான் எனக்கு விளம்பரம்.

ஜூன் 11
நாங்களே போட்ட முதல் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது. கரடிக்குட்டி கதை. எழுத்து நான், படம் நாத்தனார். பாலர் பள்ளி நடத்தும் அம்மா கடையில் இருந்தார். வருடா வருடம் மொத்தமாக வாங்குகிறவர். விடுவேனா? கட்டைப் பிரித்து, மை வாசம் போகாத பிரதியை வாலுவிடம் நீட்டினேன்.

"கரடி குளத்தில் விழுந்தது" என்று கணீரென்று படித்தாள்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படத்தில் கரடி குளத்தில்தான் கிடந்தது. கீழே இருந்த வரியோ: கரடி மரத்தில் ஏறியது. அச்சகத்தில் இரண்டு படங்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

"பொண்ணு படத்தை நல்லாப் பார்க்குறா. இன்னும் படிக்கல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அச்சகக்காரரைத் திட்டித் தீர்த்தாயிற்று. புதிதாக அடித்துத் தருகிறார். இன்னொன்றுக்கு யாரைத் திட்டுவது?

ஜூன் 12
சோதித்துப் பார்த்தேன். நான் ஒரு தடவை வாசித்ததை மனதில் பிடித்து வைத்துக்கொள்கிறாள். மறந்த இடத்தைப் படம் பார்த்து நிரப்புகிறாள். அதுவும் புத்தகத் தமிழில்! கள்ளி. எழுத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றன. சேர்த்துப் படி என்றால் கண் படத்துக்கு ஓடிவிடுகிறது.

"ஆறு வயசுதானே, போகப் போக வந்துடும்" என்கிறார் அவர்.

போகப் போக வரும் என்று உட்கார்ந்திருந்தால் நான் இன்னும் நடைபாதையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 15
படத்தை அட்டையால் மறைத்துப் படிக்கச் சொன்னேன். அழுகை.

ஜூன் 16
மறுபடியும் அட்டை, மறுபடியும் அழுகை. "படம் இல்லாட்டி அது புஸ்தகமே இல்ல போ!" என்றாள். படப் புத்தகம் விற்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? நியாயம்தான். ஆனாலும் கத்திவிட்டேன்.

ஜூன் 19
ஸ்டூலில் ஏறுவதில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டுகிறாள். புத்தகத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் புத்தகம் விக்கிறேன், என் பிள்ளைக்கு அதை வேப்பங்காயா ஆக்கிட்டேனே —

ஜூன் 21
நாத்தனார் வந்தாள். மாறிப்போன கரடிகளைப் பழைய பேப்பருக்குப் போடக் கட்டி வைத்திருந்தேன். அதில் ஒன்றை உருவிக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு அவளும் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"இந்தக் கரடி புளுகுதுடி. எந்த எடத்துலன்னு கண்டுபிடி பார்ப்போம்."

"கரடி எப்படி அத்தை புளுகும்?"

"எனக்கென்ன தெரியும்? கீழ இருக்கிற எழுத்தைக் கேளு."

ம... ர... என்று முணுமுணுப்பு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"அண்ணி, நீங்க கல்லாவுக்குப் போங்க. இங்க வியாபாரம் நடக்கல."

என் கடையிலேயே என்னை விரட்டினாள். போனேன். நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம். "அத்தை! மரத்துல ஏறுச்சுன்னு போட்டிருக்கு, இது தண்ணியில கெடக்கு!"

ஜூன் 22
பழைய பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கட்டு வீட்டுக்கு வருகிறது.

ஜூன் 30
முடிவு செய்துவிட்டேன். அடுத்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம் ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும். "நான் எதையும் தொடவில்லை" என்கிறது பூனை. படத்தில் வீடே தலைகீழ். இரண்டையும் பார்த்தால்தான் சிரிப்பு வரும். "யாரு வாங்குவா?" என்கிறார் அவர். வாங்க வைக்கிறேன்.

ஜூலை 29
அச்சகக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "அம்மா, இந்தத் தடவை எல்லாப் பக்கமும் மாறிப்போச்சும்மா! நல்ல வேளை, மிஷினை நிறுத்திட்டேன்."

"ஓட்டுங்க" என்றேன். பாவம், போன தடவை நான் திட்டிய திட்டு அப்படி.

ஆகஸ்ட் 8
தப்பாக அச்சாகியிருக்கிறது என்று பூனையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். "பிள்ளைகிட்ட குடுங்க. சிரிக்கலைன்னா நானே எடுத்துக்கிறேன்" என்கிறேன். சில திரும்பி வருகின்றன. வரட்டும்.

வாலு ஒரு நாளைக்கு ஒரு வரி. திக்குகிறாள். நான் எடுத்துக் கொடுப்பதில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

ஆகஸ்ட் 20
இன்று இரண்டு வரி.

செப்டம்பர் 17
பாலர் பள்ளி அம்மா வந்தார். வெளியூரிலிருந்து புதுப் புத்தகக் கட்டு அப்போதுதான் வந்து இறங்கியது. வண்டிக்காரர் கையெழுத்துக்கு நின்றுகொண்டிருந்தார். ஒன்றைப் பிரித்து அந்த அம்மாவுக்குக் கடகடவென்று வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்குட்டி கூரைமேல் ஏறி நின்றது, பிறகு இறங்கி வந்தது, கதை முடிந்தது.

முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு குரல். "அம்மா, ஒரு வரியை முழுங்கிட்ட."

எப்போது மேசைக்கு அடியிலிருந்து வந்தாளோ. பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். "நி...லா. இன்னும். வர... வரவில்லை."

பார்த்தேன். ஆடு இருந்தது, கூரை இருந்தது, கறுப்பு வானம் இருந்தது. படத்தில் எங்கேயும் நிலா இல்லை.

அந்த அம்மா சிரித்தார். என்னவோ சொன்னார். மொத்தமாக வாங்கினாரா, ஒன்றுமே வாங்காமல் போனாரா? ஒரு குண்டூசி விற்றாலும் மறக்காதவள் நான். இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன், நினைவுக்கு வரவில்லை.